லாரியில் வந்த கதவுகள்

ஊஞ்சமேட்டில் கம்ப்யூட்டரிடம் கேள்வி கேட்டால் ஊருக்குள் கதவு தட்டும். மழை விழுந்தால் மண் மணப்பது போல, வெல்டிங் வைத்தால் பொறி பறப்பது போல, அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. ஏன் என்று கேட்டவர்கள் எல்லாம் வெளியூர்க்காரர்கள், அவர்களும் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் கேட்பதை விட்டுவிட்டார்கள்.

லாரிகளுக்குப் பாடி கட்டுகிற ஊர் அது. தான் பெற்று அனுப்புகிற வண்டி என்றைக்காவது ஒரு வளைவில் கவிழும் என்று தெரிந்த ஊர் என்பதால், அதற்கு ஈடாக ஏதாவது செய்யவேண்டும் என்று ரத்ததானக் கழகம் ஒன்றைத் தொடங்கி, பட்டறைத் தெரு மூலையில் ஒரு மாடி பிடித்து, கம்ப்யூட்டர் வாங்கி வைத்து, யார் யாருக்கு என்ன ரத்தம் என்பதையெல்லாம் அதில் ஏற்றினார்கள். திரையில் ஒரே ஒரு கேள்விதான் இருக்கும்: இந்த ரத்தம் யாரிடம் உண்டு? ரத்த வகைக்கு மட்டும் நடுவில் ஒரு காலியிடம். அதை நிரப்பி பட்டனை அழுத்தினால் பட்டறைத் தெரு முதல் வீட்டுக் கதவில், மடக்கிய விரலால் தட்டுவது போல, இரண்டு தட்டு விழும். திறந்தால் யாரும் இருக்கமாட்டார்கள். அந்த வீட்டில் அந்த ரத்தம் இல்லையென்றால் தட்டு அடுத்த வீட்டுக்குப் போகும், அங்கிருந்து அதற்கடுத்த வீட்டுக்கு. ரத்தம் உள்ள வீடு வந்துவிட்டால் மட்டும் நகராது. அந்த ஆள் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வரும்வரை தட்டிக்கொண்டே இருக்கும்.

முதலில் கொஞ்சம் சலசலப்பு இருந்ததுதான். யாரோ போலீசில் சொல்லிவிட, ஒரு ஏட்டு வந்து முதல் வீட்டில் காத்திருந்தார், தட்டு விழுந்தது, ஏட்டு எழுந்து கதவைத் திறந்து, "நானு ஏ பாசிட்டிவுங்க, இங்க டூட்டிக்கு வந்தவன்" என்று வாசலைப் பார்த்துச் சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். அதோடு ஊர் சமாதானமாகிவிட்டது. அதன்பின் தட்டு ஓர் ஒறம்பரை ஆனது. வந்த விருந்தாளியைச் சும்மா அனுப்பக்கூடாது என்று கதவோரம் சொம்பில் தண்ணீர் வைத்தார்கள். "நாங்க இல்லீங்க, அடுத்த வூடு பாருங்க" என்று மரியாதையாக வழியனுப்பினார்கள். தட்டு விழும் உயரத்தில் பித்தளைத் தகடு அடித்து, வெள்ளிக்கிழமை அதற்கும் ஒரு பொட்டு வைத்தார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் காபியை வாங்கிக்கொண்டே, "தட்டு விழற வூடுதானுங்களே?" என்று கேட்பது வழக்கமானது.

ஊரில் கட்டுகிற ஒவ்வொரு லாரியின் பின்பக்கமும் மஞ்சள் எழுத்தில் 'ஊஞ்சமேடு: கேட்டால் கிடைக்கும்' என்று எழுதிவிடுவார்கள். அந்த எழுத்தை நாசிக் சுங்கச்சாவடியிலும் கௌகாத்திப் பாலத்திலும் பார்த்தவர்கள் உண்டு.

எல்லாவற்றையும்விடப் பெரிய பெருமை, வாங்கிய நாளிலிருந்து அந்தக் கம்ப்யூட்டரை ஒருமுறைகூட அணைத்ததில்லை என்பது. கழகத் தலைவர் பொங்கியண்ணன், தன் மகள் முகூர்த்தத்தில் கரண்டு போனபோது, மண்டபத்து ஜெனரேட்டரை வண்டியிலேற்றிக் கழகத்துக்கு அனுப்பிவிட்டு, பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் தாலி கட்ட வைத்தவர். சம்பந்தி வீட்டார் முகம் சுளிக்கவில்லை. வியர்த்து வழிய உட்கார்ந்துகொண்டு, 'நாம பொண்ணெடுத்த ஊரு எப்பேர்ப்பட்ட ஊரு பாத்தியா' என்றார்கள்.

புறவழிச்சாலை வந்து பட்டறைத் தெருவில் ஒரு வரிசை வீடுகள் போனபோதும், தட்டுக்கு வழி தெரியாமல் போய்விடக்கூடாது என்று, வீடுகளை இடித்தவர்கள் வாசல் நிலைகளை மட்டும் கதவோடு விட்டுவிட்டார்கள். இன்றைக்கும் ரோட்டுக்கு நடுவே, அரளிச் செடிகளுக்கிடையில், சுவரில்லாத கதவுகள் வரிசையாக நிற்கின்றன. தட்டு அங்கேயும் போய், ஒவ்வொன்றாகத் தட்டி, பதிலுக்குக் காத்திருந்துவிட்டுத்தான் அப்பால் நகரும். வடக்கத்தி டிரைவர்கள் ஏதோ சாமி என்று ஹாரனை அமுக்கிக் கும்பிட்டுப் போவார்கள்.

இப்படிப்பட்ட கழகத்தில்தான் ஜெயக்கொடி வேலைக்குச் சேர்ந்தாள்.

அவள் வாய்க்கால் மேட்டுக் குடிசைகளில் பிறந்து, குடிசைகளை எடுத்தபின் ஊரின் அந்தக் கோடியில் எழுந்த வாரியக் குடியிருப்பில் வளர்ந்தவள். மாடிமேல் மாடி, எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி பச்சைக் கதவு. பட்டறைகளில் தகரம் வெட்டுகிறவர்கள், பெயின்ட் அடிக்கிறவர்கள் எல்லாம் அங்கேதான் இருந்தார்கள். கழகத்துக்காரர்கள் ஒருநாள் முகாம் போட்டு, எல்லோருக்கும் ரத்தம் பார்த்து, அட்டை கொடுத்து, பேர்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து குடியிருப்பு காத்திருந்தது. தட்டு வரவில்லை. ஊரில் கேட்கிற ரத்தம் பெரும்பாலும் ஓ பாசிட்டிவ். அது பட்டறைத் தெருவைத் தாண்டுவதற்குள் கிடைத்துவிடும், தட்டும் அங்கேயே முடிந்துவிடும். ஜெயக்கொடியின் அம்மா பச்சையம்மா, தினம் காலையில் கதவைத் துடைத்து, சொம்பில் தண்ணீர் மாற்றி வைத்துவிட்டு மகளைப் பார்ப்பாள்.

"உன்ற மிசினுக்கு ஊரெல்லாம் வழி தெரியுது. நம்ம வூட்டுக்கு மட்டும் கண்ணு தெரியாதாக்கும்?"

"வரும்மா."

"வரும் வரும். நாங்கென்ன ரத்தமில்லாம புளித்தண்ணியிலயா ஓடிட்டிருக்கறோம்?"

ஜெயக்கொடிக்குக் காரணம் தெரியும். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே பார்த்துவிட்டாள். ஆனால் தண்ணீர் சொம்போடு நிற்கிற அம்மாவிடம் அதை எப்படிச் சொல்வது?

அப்படியிருக்கும்போது ஒரு காலையில், ஒடிசாவிலிருந்து வந்து பட்டறையில் வெல்டிங் செய்கிற ஒருவனின் மனைவி, சஞ்சிதா என்று பேர், பிரசவத்துக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். ரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. பார்த்தால் அவளுக்கு இருந்தது பாம்பே ரத்த வகை. பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு இருந்தால் உண்டு; அந்த ரத்தக்காரருக்கு வேறெதுவும் சேராது. டாக்டரம்மா போனில் சொன்னது ஒரே வரி: "சாயங்காலத்துக்குள்ள வேணும்."

ஜெயக்கொடி காலியிடத்தை நிரப்பி பட்டனை அழுத்தினாள். பட்டறைத் தெரு முதல் வீட்டில் தட்டு விழுந்தது. பிறகு இரண்டாவது வீடு. பிறகு மூன்றாவது.

விஷயம் பரவியதும் ஊர் எழுந்து நின்றுவிட்டது. நம் ஊரில் பிழைக்க வந்தவள், நம் லாரிக்கு வெல்டிங் வைக்கிறவன் பெண்டாட்டி, அவளுக்குக் கேட்டுக் கிடைக்கவில்லை என்றால் லாரிக்குப் பின்னால் எழுதியதையெல்லாம் எதைக்கொண்டு அழிப்பது? தட்டுக்கு வழிவிட்டுக் கதவுகளைத் திறந்து வைத்தார்கள். "இல்லீங்க, இல்லீங்க, வெசையாப் போங்க" என்று வாசலுக்கு வாசல் கையெடுத்துக் கும்பிட்டு விரட்டினார்கள். ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு பாம்பே ரத்தம், பாம்பே ரத்தம் என்று தெருத்தெருவாகக் கூவிப் பார்த்தார்கள். யாரும் வரவில்லை. ஊஞ்சமேட்டில் அப்படி யாரும் வரமாட்டார்கள்; நம்முடையது தேவையென்றால் நம் கதவைத் தட்டும், தட்டாமல் போய் நிற்பது அழையாத பந்தியில் இலை போட்டு உட்கார்வது போல என்று அவ்வளவு காலமாக ஊறிப்போன வழக்கம்.

தட்டோ, காலம் காலமாக நடந்த அதே நடையில், வீடு வீடாக நின்று, இரண்டு தட்டுத் தட்டி, பதில் கேட்டு, நகர்ந்துகொண்டிருந்தது. அது போகிற போக்கில் ஊரை முடிக்க மறுநாள் மத்தியானம் ஆகிவிடும் என்று ஜன்னலில் நின்ற ஜெயக்கொடிக்குத் தெரிந்தது.

பட்டறை மேஸ்திரி ஆறுக்குட்டிக்கு அப்போது ஒரு யோசனை உதித்தது. லாரிக்காரர்களுக்குத்தான் உதிக்கும். "அது ஊருக்கோடிக்குப் போறதுக்குள்ள விடிஞ்சிரும். அது அங்க போறதுக்குப் பதுலா, அங்க இருக்கற கதவ இங்க கொண்டாந்துட்டா என்ன?"

ஊர் ஒரு நொடி யோசித்தது. பிறகு ஸ்பேனரைத் தூக்கியது. பாடி கட்டி முடித்த புது லாரியை எடுத்துக்கொண்டு வாரியக் குடியிருப்புக்குப் போய், கீலிலிருந்து பச்சைக் கதவுகளைக் கழற்றி, நிமிர்த்தி நட்டமாக அடுக்கி, கயிறு போட்டுக் கட்டி, குடியிருப்புக்காரர்களும் ஏறிக்கொள்ள, திருவிழாத் தேர் போலப் பட்டறைத் தெருவுக்கு வந்து சேர்ந்தார்கள். தட்டு அப்போது பித்தளைத் தகடு வைத்த ஒரு கதவில் இருந்தது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். அது லாரியைக் கடந்தது. ஒரு கதவைக்கூடத் தொடவில்லை. நேராகப் போய், ரோட்டுக்கு நடுவில், அரளிச் செடிகளுக்கிடையில், ஆளில்லாத கதவில் நின்று மரியாதையாக இரண்டு தட்டுத் தட்டியது.

பச்சையம்மா லாரிமேல் நின்றபடியே சொன்னாள்: "பாத்தியா, மூஞ்சிக்கு நேரா வந்தும் திரும்பிப் பாக்கல."

அந்தக் குரலைக் கேட்டதும் ஜெயக்கொடி மாடியிலிருந்து இறங்கி வந்தாள். அதிர்ந்து பேசாத பெண். கூட்டம் அமைதியாகிற வரைக்கும் நின்றாள்.

"அது எடத்தப் பாத்துப் போறதில்லீங்க. பேரு ஏத்துன வரிசையில போகுது. மொதல் மொதலா இங்க என்ன ரத்தம் கேட்டீங்கன்னு ஞாபகம் இருக்குங்களா?"

"ஓ பாசிட்டிவ்," என்றார் பொங்கியண்ணன். "நான்தான் அடிச்சேன்."

"அது மூணு வூட்டுக்கு ஒரு வூட்ல இருக்கும். ஊரும் அன்னிக்குச் சின்ன ஊரு. வரிசையாத் தட்டிட்டே போனா சீக்கரம் கெடச்சிரும்னு அது கணக்குப் போட்டுச்சு. அன்னிக்கு அது சரிதானுங்க. ஆனா அந்தக் கேள்விக்கு அந்த வழிதான்னு மனசுல எழுதி வெச்சிருச்சு. அதுக்கப்பறம் காலியிடத்துல நாம எதைய அடிச்சாலும் அதே வழியிலதான் போகுது. ரத்தத்த வகை வகையாப் பிரிச்சு அடுக்குன குறுக்குவழி ஒண்ணு மொத நாள்லருந்தே அதுக்குள்ள கெடக்குதுங்க. போனதே இல்ல."

"போகச் சொல்லு அப்பறம்," என்றார் ஆறுக்குட்டி.

"சொன்னாக் கேக்காதுங்க மாமா. பழசு மறக்கணும். அதுக்கு ஒருக்கா அணைக்கணும்."

கூட்டம் மாடி ஜன்னலை நிமிர்ந்து பார்த்தது. பட்டறைத் தெருவில் பித்தளைத் தகடு வைத்த வீட்டுக்காரி கண்ணாத்தாள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "ஏனம்மிணி, எங்க தெருவத் தட்டறது வாரியத்துப் புள்ளைக்குப் பொறுக்கலையாக்கும்?"

"ஆமாங்கக்கா, பொறுக்கலதான்," என்றாள் ஜெயக்கொடி. "எங்கம்மா தெனம் கதவத் தொடச்சுத் தண்ணி வெக்கறத நான் பாக்கறேனுங்களே. ஆனா இப்ப அதுக்காகக் கேக்கல. அங்க ஒருத்தி படுத்துக் கெடக்கறா."

பொங்கியண்ணன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அணைச்சுப் போட்டா, மறுபடி தட்டுமா?"

"பேரு கண்டிப்பா திரையில வந்துருமுங்கய்யா. தட்டுமான்னு தெரியாது."

"தெரியாதுன்னா?"

"தெரியாதுங்க."

அவர் ரோட்டுப் பக்கம் திரும்பினார். அங்கே நின்ற கதவுகளில் ஒன்று அவர் பிறந்த வீட்டுக் கதவு. தட்டு அதை நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தத் தட்டைக் கேட்டுத்தான் அவர் மகள் நடை பழகினாள், அதைக் கேட்டுக்கொண்டேதான் அவர் மனைவி கண் மூடினாள். ஊர் முழுக்க அவர் வாயைப் பார்த்தது. அவரோ லாரியின் பின்பக்கத்தைப் பார்த்தார், பெயின்ட் இன்னும் காயாத மஞ்சள் எழுத்தை.

"நாம என்னன்னு எழுதி அனுப்பறோம்?" என்றார். "கேட்டா தட்டும்னா எழுதறோம்? கிடைக்கும்னுதான எழுதறோம்."

அவர் ஜெயக்கொடி பக்கம் திரும்பினார்.

"அணைச்சுப் போடு கண்ணு."

ஜெயக்கொடி மாடியேறினாள். பொங்கியண்ணன் வீட்டுக் கதவில் ஒரு தட்டு விழுந்தது. அவள் பட்டனை அழுத்தினாள். இரண்டாவது தட்டு விழவில்லை. கம்ப்யூட்டரின் விசிறி சுற்றி ஓய்ந்தபோதுதான், அத்தனை காலமும் அது ஓர் இரைச்சல் போட்டுக்கொண்டிருந்திருக்கிறது என்பதே ஊருக்குத் தெரிந்தது. காது அடைத்தது போல ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கண்ணாத்தாள் தன் பித்தளைத் தகட்டைக் கையால் மூடிக்கொண்டாள்.

திரை மறுபடி வெளிச்சமானது. அதே கேள்விதான், அதே காலியிடம்தான். அவள் பாம்பே என்று அடித்து, பட்டனை அழுத்தினாள்.

பட்டறைத் தெரு முதல் வீட்டில் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாவதில் இல்லை. ஆள் இல்லாத கதவுகளில் இல்லை. போயிற்று, இனிமேல் வராது என்று யாரோ விசும்பினார்கள்.

அப்போது லாரிமேல் தட்டியது.

நட்டமாக அடுக்கியிருந்த பச்சைக் கதவுகளுக்கு நடுவில், ஒரே கதவில், விரலால் தட்டினது போல இல்லை, முஷ்டியால் தட்டினது போல. கயிறு அதிர்ந்தது. லாரியின் தகரம் அதிர்ந்தது. ஜன்னலுக்கு ஓடி வந்த ஜெயக்கொடி கீழே பார்த்துவிட்டு, திரும்பித் திரையைப் பார்த்து, வாழ்க்கையில் முதல்முறையாகக் கத்தினாள்.

"வெள்ளியங்கிரி அண்ணா! உங்க கதவு!"

கயிற்றின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு லாரியோரம் நின்றிருந்தார் வெள்ளியங்கிரி. ஊஞ்சமேட்டில் கட்டுகிற லாரிகளுக்கெல்லாம் பின்பக்கம் எழுதுகிற பெயின்டர். 'கேட்டால் கிடைக்கும்' என்று அத்தனை வண்டியில் எழுதியவரிடம் அன்றுவரை யாரும் எதையும் கேட்டதில்லை. விரலிடுக்கில் மஞ்சள் பெயின்ட் அப்படியே இருந்தது.

"என்ற கதவா?" என்றார்.

"மைக்ல அத்தன கத்துக் கத்துனமே, காதுல விழுகலையா?" என்று பாய்ந்தார் ஆறுக்குட்டி.

"விழுந்துச்சுங்க. அட்டையிலகூட பாம்பேன்னு போட்டிருந்துச்சு. அட்டை அடிச்ச ஊரு போலன்னு விட்டுட்டேனுங்க. அப்பறம், தட்டவும் இல்லியே."

கதவு இன்னும் தட்டிக்கொண்டிருந்தது. வெள்ளியங்கிரி கயிற்றை விட்டுவிட்டு, சட்டையை இழுத்துவிட்டு, செருப்பைத் தேடி மாட்டினார். தட்டு நின்றது. பட்டறைத் தெரு இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. கண்ணாத்தாள் சொம்பைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து, "ஒரு வாய் குடிச்சுட்டுப் போங்கண்ணா" என்று நீட்டினாள். அவர் குடித்த குடியில் பாதி சட்டையில் கொட்டியது. கதவுகளை இறக்கக்கூட நேரமில்லாமல், அப்படியே அந்த லாரியில் அவரை முன்னால் ஏற்றி, பொங்கியண்ணன் பக்கத்தில் நெருக்கி உட்கார, பச்சைக் கதவுகள் பின்னால் நட்டமாக நிற்க, ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வெயில் சாய்வதற்கு முன்னால் ரத்தம் ஏறியது. தாய் பிழைத்தாள். பெண் குழந்தை, பிறந்ததும் அது அழுத சத்தத்தில் வராந்தாவில் காத்திருந்த ஆறுக்குட்டி எழுந்து நின்றுவிட்டார்.

இப்போதும் ஊஞ்சமேட்டில் கம்ப்யூட்டரிடம் கேள்வி கேட்டால் கதவு தட்டும். வரிசையாகப் போவதில்லை, எங்கே வேண்டுமோ அங்கே விழுகிறது. ஒருநாள் பட்டறைத் தெரு, ஒருநாள் குடியிருப்பின் மேல்மாடி. இந்த வழியும் ஒருநாள் பழசாகும் என்று ஜெயக்கொடி சொன்னதால், வருஷத்துக்கு ஒரு நாள் அதற்கென்று நோம்பி வைத்து, ஊரே வேலையை நிறுத்திவிட்டு வாசலில் நிற்க, பொங்கியண்ணன் தன் கையால் அணைத்து, தன் கையால் போடுகிறார். அணைத்ததே இல்லை என்று பீற்றிக்கொண்ட ஊர், 'எங்களாட்ட அணைச்சுப் போட எவனுக்கு நெஞ்சிருக்குது' என்று இப்போது பீற்றிக்கொள்கிறது.

அந்தப் பச்சைக் கதவுகள் விஷயம் ஒன்று பாக்கி. அவற்றை வந்தபடி திருப்பி அனுப்பப் பட்டறைத் தெருவுக்கு மனம் வரவில்லை. எல்லாவற்றையும் தேய்த்து, ஒடுக்கு எடுத்து, லாரிக்கு அடிப்பது போலச் சிவப்பும் நீலமும் அடித்து, தாமரையும் மயிலும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பித்தளைத் தகடு வைத்து, கண்ணாத்தாள் கையால் பொட்டிட்டு அனுப்பினார்கள். அனுப்பும்போதுதான் தெரிந்தது, எந்தக் கதவு எந்த வீட்டுடையது என்று யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. கைக்கு வந்ததை வந்த வீட்டில் மாட்டினார்கள். அன்றைக்கு லாரிமேல் தட்டு விழுந்த கதவு எங்கே இருக்கிறது என்பது வெள்ளியங்கிரிக்கே தெரியாது. அதனால் குடியிருப்பில் நீங்கள் எந்த வீட்டுக்குப் போனாலும், உள்ளே கூப்பிடுவதற்கு முன்னால், அந்தக் கதவு எங்களுடையதுதான் என்று சொல்லுவார்கள்.

பச்சையம்மாவும் சொல்லுவாள். "நம்பிக்கை இல்லீன்னா தட்டிப் பாருங்க. சத்தமே வேற."

ஜெயக்கொடி உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருப்பாள். வேலை முடிந்து வருகிற மாலைகளில் சாவி கையில் இருக்கும்போதே, விரலை மடக்கி, தன் வீட்டுக் கதவில் இரண்டு தட்டுத் தட்டுவாள்.

சத்தம் வேறாகத்தான் இருக்கிறது.